நெல்லியும் புல்லுருவியும்

தகடூர் என்றதும் அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி நினைவுக்கு வராத தமிழாசிரியர் இல்லை. அத்தகடூர்தான் இன்றைய தருமபுரி. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச்சாலையில் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: புறநானூறு போற்றிய அந்த நெல்லி, பிற்கால வனச்சட்டத்தின் கண்ணுக்கு எவ்வாறு தெரிந்தது?

1856இல் கிளெக்கார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை உருவாயிற்று. இரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை எல்லைகட்டியது; அவற்றுள் மேய்ச்சலையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்கியது. தேக்கும் சந்தனமும் வருவாய் இனங்கள். நெல்லியோ 'சிறு வன மகசூல்'. அச்சட்டம் இல்லையேல் எஞ்சிய காடும் இராது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மக்களை விலக்கினால் காடு தானே வளரும் என்ற அதன் நம்பிக்கை ஆராயத்தக்கது.

பென்னாகரத்துக்கு மேற்கே காவிரியைக் கடந்தால் மாதேசுவரன் மலை. அதற்கும் அப்பால் பிலிகிரி ரங்கன் மலை. அங்கு வாழும் சோலிகர் கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறுதீ வைப்பது வழக்கம். 1974இல் அம்மலை சரணாலயமானபின் அது தடுக்கப்பட்டது. அதன்பிறகே உண்ணிச்செடி அடர்ந்தது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது சோலிகர் கூற்று. நெல்லியின் நலிவை ஆராய்ந்த சூழலியலாளர்களும் அக்கூற்றைப் புறந்தள்ளவில்லை.

அப்படியானால் மீண்டும் தீ வைத்துவிடலாமா? இயலாது. அழகுச்செடியாக இந்நாட்டுக்கு வந்த உண்ணிச்செடி இன்று புதராய் மண்டிக் கிடக்கிறது. அதில் பற்றும் தீ தரையோடு நில்லாமல் மரக்கிளைகளுக்கு ஏறும். முதலில் அதன் வேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மீண்டும் தளிர்க்காதவாறு அகற்ற வேண்டும். பின்பு அந்நிலத்துக்குரிய புல்லும் மரமும் திரும்ப வழிசெய்து, ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

வழக்கமான வன மேலாண்மை நட்ட கன்றுகளை எண்ணும். சூழல் மீட்டெடுப்போ, இங்கே முன்பு என்ன இருந்தது, அது ஏன் போயிற்று என்று கேட்கும். அயல் தாவரங்களை அகற்றுவதையும் சூழல் மீட்டெடுப்பையும் ஒருங்கே நோக்கும் கொள்கையொன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 'முன்பு என்ன இருந்தது' என்ற கேள்விக்கு விடை கோப்புகளில் மட்டும் இல்லை. காட்டில் வாழ்ந்தோர் நினைவிலும் இருக்கிறது. அம்முதியவர்கள் மறையுமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

நெல்லியை ஈந்தவனை ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடி வருகிறோம். அந்த மரத்தை அறிந்தவர்களிடம் நாம் இதுவரை அதிகம் கேட்டதில்லை.