கண்ணும் திரையும்: சோனி நிறுவன வரலாற்றில் ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டத்தின் மேலைக் கடலோரத்தே, கற்பிட்டிக் குடாநாட்டுக்குத் தெற்கில் அமைந்தது உடப்பு என்னும் தமிழூர். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவ்வூர்த் திரௌபதையம்மன் கோயிலிலே தீமிதிப்பு விழா நிகழும். இக்காலத்து அவ்விழாக் காணச் செல்வோர் தீக்குழியைக் காணுமுன் காண்பது, அதனைச் சூழ உயர்த்திய கைகளையும் அக்கைகளிலுள்ள படக்கருவிகளையுமே. அடியார் தீயில் இறங்கும் கணத்தை எண்ணற்ற கண்ணாடிக் கண்கள் பருகுகின்றன. அக்கண்களுட் பலவற்றின் உள்ளிருக்கும் ஒளியுணரி யப்பானியச் சோனி நிறுவனத்தின் ஆக்கம். அக்காட்சியைப் பின்னர் வீட்டிற் காட்டும் திரையோ பெரும்பாலும் பிறர் செய்தது. திரையினாற் புகழ் பெற்ற ஒரு நிறுவனம் திரையிற் பின்தங்கிக் கண்ணில் முன்னேறியது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

போரினால் அழிந்து கிடந்த தோக்கியோ நகரில், 1946ஆம் ஆண்டு மே மாதம், மசாறு இபுகா, அக்கியோ மொரித்தா என்னும் இருவர் ஏறக்குறைய இருபது பேரோடு ஒரு சிறு கம்பனியைத் தொடங்கினர். 1955இல் திரான்சிற்றர் வானொலியை விற்பனைக்கு விட்ட அக்கம்பனி, 1958இல் சோனி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1960இல் திரான்சிற்றரால் இயங்கும் எட்டங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. எனினும் நிறத் தொலைக்காட்சியில் அது முதலிற் கண்டது தோல்வியே. அணுவியல் அறிஞர் ஏணெஸ்ற் லோறன்சு வகுத்த குரோமத்திரன் என்னும் குழாயை நம்பிச் சில ஆண்டுகள் உழைத்தனர். படம் ஒளிமிக்கது, ஆயின் ஆக்கச் செலவு விற்பனை விலையிலும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. விற்கும்தோறும் நட்டம்! நிறுவனமே கவிழ்ந்துவிடும் என அஞ்சிய இபுகா, ஆய்வுக் குழுவிற்குத் தாமே தலைமை தாங்கினார். 1968இல் வெளிவந்த திரினித்திரன் அவ்வுழைப்பின் பேறு.

பிற நிறக்குழாய்களில் மூன்று இலத்திரன் துப்பாக்கிகளும், துளையிட்ட உலோகத் தகடொன்றும் இருந்தன. திரினித்திரனில் ஒரே துப்பாக்கி. தகட்டுக்குப் பதிலாக நிலைக்குத்தான மெல்லிய உலோக இழைகள். இதனால் இலத்திரன்கள் தடையின்றித் திரையை அடைந்தன; படம் பொலிவுற்றது. இழைகள் அதிராவண்ணம் குறுக்கே கட்டப்பட்ட கம்பியின் நிழல் திரையில் ஓரிரு மெல்லிய கோடுகளாகத் தோன்றுவதுண்டு. அதனைப் பழுதெனக் கொண்டு பெட்டியைத் திருத்துநரிடம் சுமந்து சென்றோரும் உளர்! 1973இல் இக்குழாய்க்கு அமெரிக்காவின் எம்மி விருது கிடைத்தது.

இலங்கைக்குத் தொலைக்காட்சி பிந்தியே வந்தது. 1979 ஏப்பிரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15ஆம் நாள் யப்பானிய அரசின் நன்கொடையால் ரூபவாகினியும் தொடங்கின. மின்சாரம் எட்டாத ஊர்களில் மோட்டார் வாகன மின்கலத்தை இணைத்துச் சிறு பெட்டிகளை இயக்கினர். ஒரு வீட்டுப் பெட்டியைத் தெருவே கூடியிருந்து பார்த்தது. கடற்கரையூர்களிலோ உப்புக்காற்று வானலைக் கம்பியை அரித்துத் தின்றது.

திரையில் சோனி வெற்றி கொண்டிருந்த அக்காலத்திலேயே கண்ணுக்கான வித்தும் ஊன்றப்பட்டது. 1969இல் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்து வில்லாட் போயில், ஜோர்ஜ் சிமித் ஆகியோர் ஏற்றமிணைந்த கருவி என்னும் குறைகடத்தியைக் கண்டறிந்தனர். அதற்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். புத்தளத்து உப்பளங்களைக் கண்டவர்க்கு அதன் இயக்கத்தை விளக்குதல் எளிது. பாத்தி பாத்தியாக நீர் நகர்த்தப்படுமாறு போல, ஒளி பட்ட சிறு கட்டங்களில் தேங்கிய மின்னேற்றம் கட்டத்துக்குக் கட்டம் தள்ளப்பட்டு, கடைவாயிலில் அளக்கப்படும். அவ்வளவைகளின் தொகுதியே படம். உப்பளத்தில் ஒரு பாத்தி பழுதாயின் வேறொன்றைக் கொண்டு சமாளிக்கலாம். நூறாயிரக் கணக்கான நுண்கட்டங்களைப் பழுதின்றி ஆக்குவதோ பெரும் சங்கடமாயிற்று.

பயன் தராது எனப் பலர் கருதிய அவ்வாராய்ச்சியை 1970களில் விடாது தாங்கி நின்றவர் கசுவோ இவாமா. 1980இல் அவ்வொளியுணரி பொருத்திய சோனியின் படக்கருவி ஆகாயவிமானத்தில் அமர்ந்தது. 1981இல் மாவிக்கா என்னும் மாதிரி காட்டப்பட்டது; சுருளின்றிக் காந்தத்தட்டிற் படம் பதித்த அதனை இன்றைய இலக்கமுறைக் கருவியெனக் கொள்ளுதல் பொருந்தாது, பதிவு ஒப்புமை முறையிலானது. மறு ஆண்டு இவாமா மறைந்தார். அவர் கல்லறையில் அவ்வுணரித் துண்டொன்று பதிக்கப்பட்டது. 1985இல் எட்டு மில்லிமீற்றர் நாடாக் கருவியும், 1989இல் கையடக்கமான ஹாண்டிகாமும் வந்தன. கல்யாண வீடுகளும் திருவிழாக்களும் நாடாவில் ஏறின.

அப்பால் திரையின் வீழ்ச்சி. 1990களின் பிற்பகுதியில் ஏனையோர் திரவப் பளிங்குத் திரைக்குத் திரும்பியபோது, சோனி தன் குழாயையே தட்டையாக்கி விற்று இலாபம் கண்டது. அவ்விலாபமே கேடாயிற்று என்பது என் கருத்து. நன்றாக ஓடும் வண்டியை எவரும் இடைவழியில் மாற்றார். சொந்தப் பளிங்குத் திரை ஆலை இல்லாத நிலையில், 2004இல் கொரியச் சம்சுங்குடன் கூட்டு அமைத்தது. 2012இல் அதனின்றும் விலகியது. 2007இல் மூன்று மில்லிமீற்றர் தடிப்பே உடைய பதினோரங்குல ஒளியுமிழ் திரையை உலகில் முதலாவதாக விற்றும் சந்தையைப் பிடிக்க இயலவில்லை. தொலைக்காட்சித் துறை பத்தாண்டுகள் தொடர்ந்து நட்டமுற்று, 2014ஆம் நிதியாண்டிலேயே இலாபத்துக்கு மீண்டது. 2017இல் அது விற்ற பெரும் ஒளியுமிழ் தொலைக்காட்சியின் திரையை எல்ஜி நிறுவனமே வழங்கிற்று.

கண் அவ்வாறு தளரவில்லை. 2006இல் கொனிக்கா மினோல்ற்றாவின் படக்கருவித் துறையைச் சோனி ஏற்றது. அடுத்து ஒளியுணரியைத் தலைகீழாக்கி, ஒளியை மறைத்த கம்பிகளைப் பின்புறம் தள்ளும் உபாயத்தை 2009இல் சந்தைக்குக் கொணர்ந்தது. கைத்தொலைபேசிகள் பெருகவே அவ்வுணரிக்கு உலகெங்கும் வேண்டல் பெருகிற்று.

நாடாக்களின் கதி வேறு. 1975இல் வந்த பீற்றாமக்சு நாடாவின் விற்பனையைச் சோனி 2016 மார்ச்சில் நிறுத்தியது. எட்டு மில்லிமீற்றர் நாடாவை ஓட்டும் பொறிகளும் இன்று அரிது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறிய முஸ்லிம் மக்கள் கையிற் கொணரத்தக்கது மிகச் சிலவே. அவற்றினிடையே ஒரு கல்யாண நாடா தப்பியிருப்பினும், அதில் உள்ள முகங்களைக் காட்டவல்ல பொறியைத் தேடியே அலைய வேண்டும். நாடாவிலுள்ள காந்தப்பொடியும் ஆண்டுக்காண்டு உதிர்ந்து வருகின்றது.