கடத்தல் ஐயமும் தற்காப்பும்

தன்னையோ தன் பொறுப்பில் உள்ள குழந்தையையோ யாரோ தூக்கிச் செல்லக்கூடும் என்று அறிகுறிகளைக் கண்டு எழும் எச்சரிக்கை உணர்வே கடத்தல் ஐயம். ஒரே வண்டி திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, பள்ளி விடும் நேரத்தை யாரோ விசாரிப்பது, “அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், என்னோடு வா” என்று பிள்ளையை அழைப்பது போன்றவை அத்தகைய அறிகுறிகள். கடத்துபவர் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆகவே வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லைக் குழந்தைக்குப் பழக்கி, அதைச் சொல்லாதவர் மாமாவே ஆனாலும் உடன் போகக்கூடாது என்று சொல்லிவைப்பது நல்லது.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. அது வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டமுள்ள கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ போய் அவசர உதவி எண் 112ஐ அழைத்து, வண்டி எண்ணைச் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் வெறுமனே அலறுவது போதாது; குடும்பச் சண்டை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் ஒதுங்கிவிடக்கூடும். “இந்த ஆள் யாரென்றே தெரியாது, போலீஸைக் கூப்பிடுங்கள்” என்று கத்துவதே பயன் தரும். வண்டியில் ஏற்றுவதற்கு முன்புதான் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

காணாமற்போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட. குழந்தை காணாமற்போனால் அதைக் கடத்தலாகவோ ஆள் வணிகமாகவோ கருதி உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. “எங்கள் எல்லை இல்லை” என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு எந்த நிலையத்திலும் புகார் அளிக்க வழிசெய்கிறது. பணம் கேட்டு மிரட்டல் வந்தாலும் காவல்துறைக்குச் சொல்லாமல் பேரம் பேசக்கூடாது.

ஐயம் வதந்தியாக மாறுவது கடத்தலுக்கு நிகரான கொடுமை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகளே அந்த அச்சத்தை ஊட்டியவை. அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

யார் மீதாவது ஐயம் எழுந்தால் 112ஐ அழையுங்கள். குழந்தை தொடர்பானது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம். ஐயத்துக்கு உள்ளானவர் மீது கை வைக்காதீர்கள், படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.