பாஸ்டனுக்கு முந்தைய ஓட்டம்

1897 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் தடகளச் சங்கம் நடத்திய முதல் மாரத்தானில் ஓடத் தொடங்கியவர்கள் 15 பேர்தாம். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆடவர் எவரும் பெயர் கொடுத்தால் ஓடலாம் என்ற நிலையே நீடித்தது. பெண்களுக்கு 1972 வரை அந்த உரிமையும் இல்லை. 1960களின் இறுதியில் பங்கேற்போர் ஆயிரத்தைத் தாண்டவே, சிற்றூர்ச் சாலைகள் இக்கூட்டத்தைத் தாங்காது என அஞ்சிய சங்கம், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கத்தக்க பயிற்சி உண்டென்பதற்கு 1970இல் சான்று கேட்டது. அடுத்த ஆண்டே அது மூன்றரை மணியாகவும், 1980இல் நாற்பது வயதுக்குட்பட்ட ஆடவருக்கு 2 மணி 50 நிமிடமாகவும் இறுகியது. கூட்டத்தைக் குறைக்க எழுப்பிய இந்த வேலி, பாஸ்டனில் ஓடுவதையே பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் பட்டமாக்கிவிட்டது.

பாஸ்டனில் ஓட வேண்டுமானால் முன்னதாக வேறொரு மாரத்தானில் குறித்த நேரத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். அதுவே 'தகுதி ஓட்டம்'. தன் ஊருக்கு அருகிலுள்ள பந்தயத்தைத் தேடிய ஓட்டக்காரர் முதலில் அறிய வேண்டியிருந்தது, அதன் தூரம் உண்மையில் 42.195 கிலோமீட்டர்தானா என்பதை. கார் மீட்டரை நம்பி அளந்த பாதைகள் பல அக்காலத்தில் கூடியும் குறைந்தும் கிடந்தன. சாலைச் சீரமைப்பால் பாஸ்டன் பாதையே 1951 முதல் 1956 வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்திருந்ததும், எவரும் அதைக் கவனியாததும் இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதைச் சீர்ப்படுத்தியவர்களில் முதன்மையானவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய டெட் கார்பிட். பிரிட்டனில் ஜான் ஜூவல் வகுத்த சைக்கிள் முறையை ஆராய்ந்து, 1964இல் அவர் வெளியிட்ட நூலே அமெரிக்க அளவுச்சான்று முறைக்கு அடித்தளம். எஃகு நாடாவால் அளந்த நேர்சாலையில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய எண்ணியின் கணக்கைக் குறித்துக்கொண்டு, பிறகு வளைவுகளில் சாலையோரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் விலகி, ஓடத்தக்க மிகக் குறுகிய கோட்டிலேயே பாதை முழுவதும் ஓட்டுவர். வெயிலில் டயர் காற்று விரிந்தால் கணக்கு மாறுமென்பதால், முடிந்ததும் அதே நேர்சாலையில் மீண்டும் நான்கு முறை ஓட்டிச் சரிபார்ப்பர். பாதை குறைந்துவிடக் கூடாதென ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மாரத்தானுக்கு 42 மீட்டர், வேண்டுமென்றே கூட்டப்படும். இச்சான்று பெற்ற பிறகு, ஊர்ச் சங்கம் நடத்தும் சிறு பந்தயத்தின் நேரமும் பெருநகரப் பந்தயத்தின் நேரமும் ஒரே தராசில் நின்றன.

தூரம் சரியான பின் ஏற்ற இறக்கம் பேச்சாயிற்று. 2011 பந்தயத்துக்கான இடங்கள் எட்டு மணி நேரத்தில் நிரம்பவே, வேகமானவர்களுக்கு முதலிடம் என்ற முறை வந்தது. 2025க்கு, தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 விநாடி விரைவாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. சில விநாடிகளுக்காக மலையிலிருந்து இறங்கும் பாதைகளை நாடுவோர் பெருகியது இயல்பே. 2027 பந்தயம் முதல், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 1,500 அடி அல்லது அதற்கு மேல் சரியும் பாதைகளின் நேரத்தோடு 5 நிமிடமும், 3,000 அடி முதல் 10 நிமிடமும் கூட்டப்படும். 6,000 அடியை எட்டினால் அந்த நேரம் செல்லாது. பாஸ்டன் பாதையும் இறங்குபாதைதான். 2011இல் ஜெஃப்ரி முத்தாய் அங்கு ஓடிய 2:03:02 உலக சாதனையாக ஏற்கப்படாததற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம். ஆயினும் அச்சரிவு 500 அடிக்குள் அடங்குவதால், புதிய விதி அதைத் தொடவில்லை.