தலைநகரை நாடிய நகரபிதாக்கள்

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பை முதலிலிருந்து இறுதிவரை படிப்பினும், நகரசபைகளுக்கென வகுக்கப்பட்ட உரிமை யாதும் அதன்கண் காணப்படாது. அதிகாரம் சமஷ்டி அரசுக்கும் மாநிலங்களுக்குமிடையே பங்கிடப்பட்டதேயன்றி, நகரங்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படவில்லை. நகரசபை மாநிலச் சட்டசபையின் படைப்பு. படைத்த சட்டசபையே அதனைக் குறைக்கவும் அழிக்கவும் வல்லது என அயோவா மாநில நீதிபதி ஜோன் டில்லன் 1868ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தார். 1907இல் பிற்ஸ்பேர்க் நகர் பற்றிய வழக்கொன்றில் நாட்டின் உயர் நீதிமன்றமும் இக்கொள்கையையே தழுவிற்று. எனவே, குறை நேர்ந்தவிடத்து ஒரு நகரபிதா முறையிடவேண்டிய இடம் மாநிலத் தலைநகரேயன்றி வாஷிங்டன் அன்று. இம்முறை எவ்வாறு மாறிற்று என்பதும், அம்மாற்றத்துக்கு நகரங்கள் கொடுத்த விலை யாது என்பதுமே ஈண்டு ஆராயப்படும்.

1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார் நகரவாசிகளாகிவிட்டனர். ஆயினும் பல மாநிலச் சட்டசபைகளில் நாட்டுப்புறப் பிரதிநிதிகளின் கையே ஓங்கியிருந்தது. நகரத்து ஏழையின் துயர் அவர்தம் செவியில் எளிதில் ஏறுவதன்று. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் இக்குறைபாட்டை வெளிச்சமாக்கிற்று.

டெற்றோயிற் நகரின் நிலை இதற்குத் தக்க சான்றாகும். ஹென்றி போட் அவர்களின் பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் நகர எல்லைக்கு வெளியே அமைந்திருந்தன. ஆகவே, நாம் சோலைவரி என வழங்கும் ஆதனவரியை அவை டெற்றோயிற் நகரசபைக்குச் செலுத்தவில்லை. ஆனால் அவற்றினின்று விலக்கப்பட்ட தொழிலாளர் பலர் வாழ்ந்ததோ அந்நகரிலே. அவர்தம் குடும்பங்களுக்குச் சோறிடும் பொறுப்பு நகரசபையின் தலைமேல் விழுந்தது. வரிப்பணம் வரவர வற்றியது. சபையின் பிணைமுறிகளை வாங்குவாருமிலர். 1930இல் நகரபிதாவாகத் தெரிவுசெய்யப்பட்ட பிராங் மேர்பி, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர், 1932ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பெருநகரங்களின் பிதாக்களைத் தம் நகரிலே கூட்டினார். பொது வேலைகளுக்கு 500 கோடி டொலர் சமஷ்டி அரசு செலவிடவேண்டும் என அம்மாநாடு கோரிற்று. நிவாரணம் ஊராரும் தருமஸ்தாபனங்களும் செய்யவேண்டிய கருமம் என்ற கொள்கையுடைய ஜனாதிபதி ஹூவரை இக்கோரிக்கை முற்றாக அசைத்ததென்று கூறமுடியாது. ஆயினும் அவ்வாண்டு யூலையில் நிறைவேறிய சட்டமொன்று நிவாரணக் கடனாக 30 கோடி டொலரை ஒதுக்கிற்று. கோரியதற்கும் கிடைத்ததற்குமுள்ள வேறுபாடு பெரிது. அதுவும் பெரும்பாலும் மாநில ஆளுநர்களின் கைவழியாகவே நகரங்களை அடையவேண்டியிருந்தது.

சிக்காகோவின் கதை ஆசிரியராயுள்ள எம்மனோர்க்கு நெஞ்சை உறுத்துவது. ஆதனங்களின் மதிப்பீடு பற்றிய பிணக்கினால் அந்நகரத்தார் பலர் வரி செலுத்த மறுத்தனர். பாடசாலை ஆசிரியர்கள் மாதக்கணக்கிற் சம்பளமின்றிக் கற்பித்தனர். சிற்சில காலங்களிற் காசுக்குப் பதிலாகக் கடன்சீட்டுக்களே அவர்களுக்கு வழங்கப்பட்டன; அவற்றை முழுப்பெறுமதிக்கு ஏற்பார் அரியர். 1933 ஏப்பிரிலில் ஆசிரியர்கள் திரண்டு நகரின் பெருவங்கிகளுட் புகுந்து முறையிட்டமை உலகறிந்த செய்தி. அதற்கு முன்னரே, 1932இல், நகரபிதா அன்ரன் சேர்மாக் காங்கிரசுக் குழுவொன்றின் முன் தோன்றி, இன்று ஏறக்குறைய 15 கோடி டொலர் கடன் தருவது நாளை படையை அனுப்புவதிலும் மலிவானது என்ற கருத்துப்படக் கூறினார். இரந்து நிற்பவர் பேசும் பேச்சா இது என்று சிலர் முகஞ்சுழித்திருக்கலாம். ஆனால் அவர் கூறியதிற் பொய்யில்லை. பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ற்றின் நல்லெண்ணத்தைப் பெறும்பொருட்டு அவர் 1933 பெப்புருவரியில் மயாமி சென்றார். அங்கே ரூஸ்வெல்ற்றைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டு அவரைத் தாக்கிற்று. மார்ச்சு 6இல் உயிர்நீத்தார். ஆசிரியர்களின் நிலுவைச் சம்பளம் 1934இலேதான் தீர்ந்தது. சமஷ்டி அரசின் புனர்நிர்மாண நிதிக் கூட்டுத்தாபனம் கடனாக அளித்த 2 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலரே அதற்கு உதவிற்று.

சேர்மாக் சுடப்பட்ட அதே மாதத்தில் நகரபிதாக்களின் மாநாடு வாஷிங்டனில் நிலையான ஸ்தாபனமாகியது. ரூஸ்வெல்ற்றின் ஆட்சியிலே கதவு திறந்தது. 1933 யூனிற் பொது வேலைகளுக்கென 330 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் கதவு திறந்தமையால் மட்டும் எல்லாரும் உட்புகவில்லை. வரைபடம், மதிப்பீடு, கடன்படுவதற்குச் சட்டப்படியான அதிகாரம் ஆகிய இவை ஆயத்தமாயுள்ள நகரங்களே முந்திக்கொண்டன.

இவ்வகையிற் சமர்த்தர் நியூயோர்க்கின் பியோரெல்லோ லா குவாடியா. 1934ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி பதவியேற்ற அவர், முன்னரே காங்கிரசிற் பல்லாண்டிருந்து அதன் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். குடியரசுக் கட்சியினராயினும் சனநாயகக் கட்சி ஜனாதிபதியுடன் நட்புப் பூண்டவர். நகரின் கடன்பெறு தகுதி கெட்டிருந்தமையால், செலவுகளைக் குறைக்கும் சட்டமொன்றை முதலில் மாநிலச் சட்டசபையிற் போராடிப் பெற்றார். வாஷிங்டனுக்குச் செல்லும் வழி அப்பொழுதும் மாநிலத் தலைநகர் ஊடாகவே சென்றது என்பதற்கு இதுவே சான்று. பின்னர் வரைபடச் சுருள்களுடன் விமானமேறி அடிக்கடி வாஷிங்டன் சென்றார். 1935இல் அமைந்த வேலை முன்னேற்ற நிர்வாகம் நியூயோர்க் நகரை ஒரு தனி மாநிலம் போலவே நடத்திற்று. அக்காலத்து மாநிலங்கள் 48. முதலிரண்டாண்டுகளில் அந்நிர்வாகத்தின் நிதியில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு அவ்வொரு நகருக்கே சென்றது. நாட்டின் சனத்தொகையில் அந்நகரின் பங்கோ பதினெட்டிலொன்று. ஆயத்தமின்றியிருந்த சிறு பட்டினங்களின் தேவை குறைந்ததாயிருந்தது என்று யார் சொல்லவல்லார்? கேட்கத் தெரிந்தவன் பெற்றான் என்பதே உண்மை.

பணத்தோடு பணங்கொடுத்தோன் கையும் வந்தது. 1929இல் தொடங்கி இடைநின்ற ட்ரைபரோ பாலத்துக்கு 4 கோடி 42 இலட்சம் டொலர் கடனாகவும் கொடையாகவும் வழங்கப்பட்டது. பால அதிகாரசபையில் அங்கம் வகித்த றொபேட் மோசஸ், நகரப் பூங்காக்களின் ஆணையாளருமாவர். அவருக்கும் ரூஸ்வெல்ற்றுக்கும் நெடுநாட் பகை. 1934 டிசம்பரில் பொது வேலைகள் நிர்வாகத் தலைவர் ஹரல்ட் இக்கிஸ் 129ஆம் இலக்கக் கட்டளையைப் பிறப்பித்தார். நகரப் பதவியிலிருப்போர் அங்கத்தவராயுள்ள எந்த அதிகாரசபைக்கும் பணமில்லை என்பது அதன் கருத்து. பெயர் குறிப்பிடப்படாவிடினும் மோசஸே இலக்கு என்பது வெளிப்படை. லா குவாடியா இருதலைக்கொள்ளி எறும்பாயினார்: மோசசை நீக்கின் ஊரார் சினப்பர், நீக்காவிடிற் பாலம் நிற்கும். மோசஸ் செய்தியைப் பத்திரிகைகளுக்கு அறிவித்தார், மக்கள் கொதித்தனர், 1935 மார்ச்சிற் கட்டளை மோசசைத் தொடாதவாறு தளர்த்தப்பட்டது. 1936 யூலை 11இல் நிகழ்ந்த பாலத் திறப்புவிழாவில் ரூஸ்வெல்ற்றும் மோசசும் ஒரே மேடையில் வீற்றிருந்தனர். இம்முறை நகரம் வென்றது. வென்றதற்குக் காரணம் சட்டமன்று, பத்திரிகைகளே. ஓர் ஊர் தன் உத்தியோகத்தரைத் தானே நியமிக்கும் உரிமை, தூரத்திலிருக்கும் ஒருவரின் மனக்கசப்பினால் மூன்று மாதம் ஊசலாடியது என்பதை மறத்தலாகாது.

வேலை முன்னேற்ற நிர்வாகம் 1943இல் மூடப்பட்டது. நகரபிதாக்கள் தலைநகர் செல்லும் வழக்கமோ நின்றிலது. 1975இல் நியூயோர்க் தன் கடனைத் தீர்க்கவியலாது தத்தளித்தபோது, நகரபிதா ஏபிரகாம் பீம் அதே வழியிற் சென்றார். ஜனாதிபதி போட் முதலில் மறுத்தார். ஆண்டிறுதியிற் பருவகாலக் கடனுக்கு இசைந்தார். அதற்கு முன்னரே, செப்டெம்பரில், மாநிலச் சட்டசபை நெருக்கடி நிதிக் கட்டுப்பாட்டுச் சபை ஒன்றை நிறுவி, மாநில ஆளுநரை அதற்குத் தலைவராக்கியிருந்தது. 1868இல் நீதிபதி டில்லன் கூறியவண்ணமே, நகரத்தின் வரவுசெலவுத் திட்டம் இப்பொழுது அச்சபையின் அங்கீகாரத்துக்காகக் காத்துநின்றது.