நாகப்பட்டினம் முதல் கியா பார்ம் வரை: தூரமும் காலமும்

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "டீச்சர், எங்க பாட்டன் ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,600 கி.மீ.; விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். பதில் சரிதான். ஆனால், அது இன்றைய பதில். வரலாற்றுப் பாடத்தில் "எந்த ஆண்டில்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கடல் வழி

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு 2,300 கி.மீ.க்குச் சற்று மேல். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' போன்ற நீராவிக் கப்பல் மணிக்கு ஏறக்குறைய 24 கி.மீ. போகும். வகுத்துப் பாருங்கள்: இரவும் பகலுமாக நாலு நாளுக்கு மேல். தொழிலாளர்கள் மேல்தளத்தில், பாயை விரித்துப் படுத்து வந்தவர்கள். கரை சேர்ந்ததும் வீடு போக முடியாது. நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் இருக்க வேண்டும். ஊரில் புறப்படும் முன்னரும் முகாம் உண்டு. ஆக, பயணம் என்பது கப்பலில் கழிந்த நாள்கள் மட்டுமல்ல.

மலை வழி

வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டு நிலத்தை ஆய்வு செய்தார். ஆனாலும், தாப்பாவிலிருந்து சாலை வந்தது 1930ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் தமிழர்கள் பலர். தாப்பா முதல் தானா ராத்தா வரை சுமார் 60 கி.மீ. வளைவுச் சாலை, இன்றும் காரில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கியா பார்ம் அதற்கும் மேலே, பிரிஞ்சாங்கைத் தாண்டி இருக்கிறது. பக்கத்திலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம்.

கி.மீ. மாறவில்லை, தூரம் மாறியது

இதுதான் முக்கியமான இடம். 1938இல் இந்திய அரசு, உதவித்தொகை பெற்று வரும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. 1941 இறுதியில் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. கப்பல் போக்குவரத்து அறுந்தது. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரைக் கட்டுப்படுத்தியது. கடல் அகலமாகவில்லை, ஆனால், அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்து நின்றன. தோட்டச் சம்பளத்தில் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர்ப்பதும் லேசான காரியம் இல்லை. 1973இல் ரஜூலாவின் காலம் முடிந்தது. பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985 தீ விபத்துக்குப் பிறகு பயணிகளை ஏற்றவில்லை. அதன்பின் விமானம்தான்.

நாலு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆனால், எந்த ஊருக்கு? பாட்டனின் கிராமத்துப் பெயர் பல வீடுகளில் மறந்துபோச்சு. அந்தத் தூரத்தை எந்த விமானமும் குறைக்காது.

மாணவர் கவனத்திற்கு

தேர்வில் "கப்பல் வந்தது, மக்கள் வந்தார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். போக்குவரத்து, சட்டம், போர், வருமானம் ஆகிய நான்கும் குடியேற்றத்தை எப்படி மாற்றின என்று ஆண்டோடு எழுதுங்கள். இன்றிரவே வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள்? கடைசியாக ஊருக்கு எப்போது போனார்கள்? பதிலைக் குறித்து வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.