பன்னாட்டு உறவுகள் கல்வி: சிதம்பரம் வட்டாரம்

நாடுகளுக்கிடையே நடக்கும் போர், உடன்படிக்கை, வணிகம், குடிபெயர்வு ஆகியவற்றையும் அவற்றை நெறிப்படுத்தும் அமைப்புகளையும் பல்கலைக்கழகப் பட்டத்துக்காகப் பயில்வது பன்னாட்டு உறவுகள் கல்வி. இந்தியாவில் இதை டெல்லியின் பாடமாகவே கருதுவது வழக்கம். துறையின் வரலாற்றை எழுதுவோரும் 1955இல் அங்கு தோன்றிய இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அடுத்தடுத்து நடத்திய மூவர் வெளிநாடுகளில் இந்தியாவின் பேராளர்களாகப் பணியாற்றியவர்கள். ஆயினும் அங்கே இப்பாடத்துக்குத் தனித்துறை எழவில்லை. இதற்கு ஆர்வக் குறைவோ பணக் குறைவோ காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. தமிழகத்தில் இந்த அறிவு கடல் கடந்துபோன மனிதரைப் பற்றிய கேள்வியாகப் பிறந்தது. துறையாக உருப்பெற்றபோது அது அரசுகளைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. பாடம் இடம்பெயர்ந்ததற்கு உண்மையான காரணத்தை இந்த மாற்றத்தில்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பாடத்துக்கான பொருள் இந்த வட்டாரத்தில் பஞ்சமின்றிக் கிடந்தது. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய கடலூர் புனித டேவிட் கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. 1752 வரை அப்படியே இருந்தது. சென்னை திரும்பக் கிடைத்தது படைவலியால் அல்ல. 1748ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கையில், கனடா கரையிலிருந்த லூயிபூர்க் கோட்டையை விட்டுக்கொடுத்து ஆங்கிலேயர் சென்னையைப் பெற்றார்கள். 1781இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருக்க, கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் பொருதிக்கொண்டிருக்க, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி வந்து சண்டை நின்றது. தொலைவில் கையெழுத்தான ஒரு தாள் உள்ளூர்ப் போரைத் தொடங்கவும் நிறுத்தவும் வல்லது என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறை எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இன்னும் பின்னே போனால், காட்டுமன்னார்கோயிலுக்கு அண்டையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025இல் ஸ்ரீவிசயத்தின் மீது கடற்படை அனுப்பினான். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சீனத்துக்குப் போயின. இவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதியவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள். சிதம்பரத்தில் பணியாற்றிப் பின் சென்னைக்குப் போன கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழரையும் ஸ்ரீவிசயத்தையும் எழுதினார். செஞ்சியின் வரலாற்றையும் புதுச்சேரி நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிய நூலையும் தந்த சி.எஸ். சீனிவாசாச்சாரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வகித்த பதவியின் பெயரே வரலாறு, அரசியல் பேராசிரியர் என்பது. பன்னாட்டு உறவுகள் அந்த இரட்டைப் பெயருக்குள் அடங்கியிருந்தது.

1929இல் பல்கலைக்கழகம் தோன்றியபோது முதல் துணைவேந்தரானவர் எஸ்.இ. ரங்கநாதன். இவர் பின்னர் 1943 முதல் 1947 வரை லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸ் அமைதி உடன்படிக்கைகளில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். இவருக்குப்பின் 1935இல் வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1921இல் உலக நாடுகள் சங்கத்திலும், அதையடுத்து வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவுக்காகப் பேசியவர். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றவர். 1940இல் வந்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு 1928இல் அதே சங்கத்துக்காக ஜெனிவா சென்றவர், 1929 முதல் 1932 வரை அதே தென்னாப்பிரிக்கப் பதவியில் இருந்தவர். ஒரே பல்கலைக்கழகத்தின் முதல் மூன்று துணைவேந்தர்களும் இப்படி அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் சாஸ்திரியும் ரெட்டி நாயுடுவும் தென்னாப்பிரிக்காவில் கவனித்த வேலை எது என்பதைப் பார்க்க வேண்டும். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள், அவர்களில் மிகப் பலர் தமிழரும் தெலுங்கரும், எந்த உரிமையோடு அங்கே வாழலாம் என்பதே அவர்களது அன்றாட அலுவல்.

இன்னும் நேரான சான்று 1936இல் கிடைக்கிறது. துணைவேந்தராக இருந்தபடியே சாஸ்திரியை இந்திய அரசு மலாயாவுக்கு அனுப்பியது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, ஆள் திரட்டும் கங்காணி முறை, ஆண் பெண் விகிதம் ஆகியவற்றைப் பார்த்து அவர் அளித்த அறிக்கை 1937இல் வெளியாயிற்று. அதே காலத்தில், 1936இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற கடலோரச் சிற்றூரில் பன்னாட்டு அரசியல் இருக்கைக்கு ஈ.எச். கார் வந்தார். 1919இல் டேவிட் டேவிஸ் என்ற செல்வரின் கொடையால் நிறுவப்பட்ட அந்த இருக்கைதான் உலகிலேயே இத்துறைக்கு முதலாவது. கார் அங்கிருந்து எழுதி 1939இல் வெளியிட்ட நூல், அரசுகளுக்கிடையே உள்ள வல்லமையை வைத்து உலகை விளக்கியது. அதை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். சாஸ்திரியின் அறிக்கையை இன்று தொழிலாளர் வரலாற்று ஆய்வாளர்கள் மட்டுமே புரட்டுகிறார்கள். இரண்டும் ஒரே தரத்தவை என்று வாதிட முடியாது. ஒன்று கோட்பாடு, மற்றது அரசு அலுவலறிக்கை. ஆனாலும் ஒன்று துறையின் மூலநூலாகவும் மற்றது துறைக்கு வெளியிலும் நின்றுபோனதற்குத் தரம் மட்டும் காரணமில்லை. நாடு விட்டு நாடு போன கூலித் தொழிலாளியைத் தன் பொருளாகவே அத்துறை அப்போது எண்ணவில்லை.

சிதம்பரம் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா அண்ணாமலை செட்டியாரின் செல்வமும் கடல் கடந்த வணிகத்தோடு பிணைந்தது. அவர் சார்ந்த நகரத்தார் சமூகம் பர்மாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காட்டை எட்டியது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர் அயல்நாட்டாராகிவிட்டால் பத்திரத்துக்கு என்ன மதிப்பு என்பது இன்று பன்னாட்டு அரசியல் பொருளாதாரம் என்ற தலைப்பில் கற்பிக்கப்படும் கேள்வி. காரைக்குடிப் பக்கத்து வீடுகள் அதைப் பாடத்திட்டமின்றியே படித்தன.

இந்தத் துணைவேந்தர்கள் பிரிட்டிஷ் அரசு பேராளர்களாக நியமித்தவர்கள், சுதந்திர நாட்டின் தூதர்கள் அல்லர், ஆகவே இவர்களிடம் பன்னாட்டு உறவுகளின் தொடக்கத்தைத் தேடுவது பொருந்தாது என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தத் தேவையில்லை என்ற சாஸ்திரியின் முடிவை மலாயா இந்தியர் அமைப்புகளே கண்டித்தன. மறு ஆண்டே, 1938இல், உதவித்தொகையுடன் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடை செய்தது. ஆனால் அந்தத் தடை எதைக் காட்டுகிறது? கூலி, கண்ணியம், திரும்பிவரும் உரிமை ஆகியவை இரு அரசுகள் பேரம் பேசும் பொருளாகிவிட்டதையே காட்டுகிறது. சாஸ்திரியின் விடை தவறாக இருந்தாலும் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பன்னாட்டு உறவுகளின் கேள்விதான்.

துறையை இந்தியாவில் நிறுவியவரும் சென்னையிலிருந்து போனவரே. ஏ. அப்பாதுரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலை பற்றி இரண்டு தொகுதிகளை 1936இல் வெளியிட்டவர். 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலின் பொதுச் செயலாளராக 1944இல் டெல்லியில் அமர்ந்தார். 1947இல் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டை ஏற்பாடு செய்ததில் முன்நின்றார். 1955இல் அக்கவுன்சிலின் சப்ரு ஹவுஸில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியின் முதல் இயக்குநரானார். அப்பள்ளி 1970இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வணிகக் குழுக்களையும் கடல் வாணிகத்தையும் ஆராய்ந்தவர் கட்டிய பள்ளி, இளங்கலையின்றி, உலகை வட்டாரங்களாகப் பிரித்து முனைவர் பட்ட ஆய்வாளர்களை உருவாக்கிற்று. புதிதாகப் பிறந்த அயலுறவு அமைச்சகத்துக்குச் சீனம் அறிந்தவரும் ரஷ்யம் அறிந்தவரும் தேவைப்பட்ட காலம் அது. குறை சொல்ல ஏதுமில்லை. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே. சுப்ரமணியம் 1968இல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பேற்று அணு ஆயுதக் கொள்கையில் தனிக் குரலானதும் டெல்லியில்தான். தமிழர் இத்துறைக்கு வராமலில்லை. வந்தவர்கள் டெல்லியின் கேள்விகளுக்கு விடை தேடினார்கள்.

வெளியுறவு அரசமைப்பின்படி ஒன்றியப் பட்டியலில் உள்ளது, ஆகவே அதன் கல்வி தலைநகரில் குவிந்தது இயல்பு என்பது அடுத்த மறுப்பு. அபெரிஸ்ட்வித் லண்டனிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே இதற்குப் பாதி விடை. மீதி விடை இந்தியாவிலேயே உண்டு. கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1956இல், டெல்லிப் பள்ளிக்கு ஓராண்டு பின்னதாக, பன்னாட்டு உறவுகளுக்கென்றே துறை தொடங்கியது. 1980களில் பிறந்த கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் இதற்குத் தனிப் பள்ளியே வைத்தது. வளைகுடாப் பணம் வீடு கட்டிக்கொண்டிருந்த மாநிலம் அது என்பதையும் சேர்த்து நினைக்கலாம். தலைநகரிலிருந்து தொலைவு தடையாக இருந்திருந்தால் இவ்விரண்டும் தோன்றியிருக்காது.

தமிழகத்தில் விடுபட்ட இழையை ஓரளவு மீட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம். பல்கலைக்கழக மானியக் குழு வட்டார ஆய்வுகளை ஊக்குவித்ததன் பயன் அது. அதன் இயக்குநராக இருந்த வி. சூர்யநாராயண் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1974, 1976 உடன்பாடுகள் கச்சத்தீவையும் மீன்பிடி எல்லையையும் முடிவு செய்தன. இவற்றை எழுதும்போது அவர் கவனம் கோட்டில் மட்டுமின்றி, கோட்டின் இருபுறமும் வாழ்ந்தவர்கள் மீதும் இருந்தது. கச்சத்தீவும் பாக் நீரிணை மீனவரும் பற்றிய அவர் நூல் 1994இல் வந்தது. சீனிவாச சாஸ்திரி மலாயாவில் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகவே இதைக் கருதலாம்.

இன்று சிதம்பரத்துக்கு வடக்கே, 1985இல் நிறுவப்பட்ட புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் என்ற முதுகலைப் படிப்பை நடத்துகிறது. சென்னையில் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரி பன்னாட்டு ஆய்வுகளில் முதுகலை தருகிறது. படித்தால் வேலை இல்லை என்ற வழக்கமான மறுப்பு முழுதும் சரியல்ல. குடிமைப்பணித் தேர்வின் விருப்பப்பாடம் ஒன்று அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் என்றே பெயர் கொண்டது. முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களிலும் இப்பொருள் இடம்பெறுகிறது. தேர்வுக்குத் தயாராவோர் தமிழகத்தின் பயிற்சி மையங்களில் நிரம்பியிருக்கிறார்கள். அவர்கள் அதைக் கல்லூரியில் அல்லாமல் குறிப்பேடுகளில் படிப்பதுதான் குறை. மதிப்பெண்ணுக்கான படிப்பு டெல்லியின் கேள்விகளை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழக்கும். புதிய கேள்வி கேட்கப் பழக்காது.

அப்படியொரு புதிய கேள்விக்கு இடமாக இருக்கக்கூடியது லால்பேட்டை. சிதம்பரத்துக்கு மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், வீராணம் ஏரியை ஒட்டி, வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர்பெற்ற பேரூர் அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கும் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியில் பயின்று மன்பயீ பட்டம் பெற்ற ஆலிம்கள் தமிழகமெங்கும் பணிபுரிகிறார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் சபராளிகள் அனுப்பும் பணம் இவ்வூரின் பொருளாதாரத்தில் பெரும்பங்கு. குவைத்தை ஈராக் பிடித்துக்கொண்ட 1990ஆம் ஆண்டும், சவூதி அரேபியா தன் நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்த 2011ஆம் ஆண்டும் இத்தகைய ஊர்களுக்குச் செய்தித்தாள் தலைப்புகளாக மட்டும் போய்விடவில்லை. குடிபெயர்வு சமூகவியலின் பொருள், பன்னாட்டு உறவுகளின் பொருளல்ல என்போர் உண்டு. விசா, வேலையளிப்பவரே பொறுப்பாளராகும் கஃபீல் முறை, குறைந்தபட்சக் கூலி பற்றிய இருநாட்டுப் பேச்சு, போர்க்காலத்தில் குடிமக்களை மீட்கும் விமானங்கள் ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பவை அரசுகள். இவற்றைச் சமூகவியலிடம் ஒப்படைத்துவிட்டால் பன்னாட்டு உறவுகளிடம் மீதியிருப்பது உச்சி மாநாடுகள்தான்.

1938 தடைக்கு அடிப்படையான 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் இடத்தில் 1983இல் புதிய சட்டம் வந்தது. அதன்கீழ் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், படிப்புக் குறைவாக இருந்தால், குடிபெயர்வுக் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நூலின் குடிமையியல் பகுதியில் வெளியுறவுக் கொள்கைக்கு ஓர் அலகும் சர்வதேச உறவுகளுக்கு ஓர் அலகும் இருக்கின்றன: பஞ்சசீலம், அணிசேராமை, சார்க், பிரிக்ஸ். லால்பேட்டைப் பள்ளி மாணவர் இந்த இரண்டு அலகுகளையும் எழுதித் தேறிய சான்றிதழைக் கொண்டுதான் சோதனையற்ற பாஸ்போர்ட் வாங்குகிறார்.