ஒரே கழுவலில் காருக்கு வாக்ஸும் ஆகிடுமா? ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ ஷாம்பூ வேலை செய்வது எப்படி? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கொஞ்சம் ஷாம்பூவை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து காரைக் கழுவினால் போதும், அழுக்கும் போகும், மெழுகுப் பூச்சும் வந்துவிடும். ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ ஷாம்பூ பாட்டில்களின் லேபிள் சொல்வது இதைத்தான். தனியாக வாக்ஸ் பூசி, காயவிட்டு, துடைத்து எடுக்க அரை நாள் போய்விடும். அந்த வேலை நிஜமாகவே மிச்சமாகுமா, இல்லை வெறும் விளம்பரமா?

சுருக்கமான பதில்: பாதி உண்மை. இந்த ஷாம்பூ ஒரு மெல்லிய பூச்சை விட்டுச் செல்லும். ஆனால் தனியாகப் போடும் வாக்ஸுக்கு அது மாற்று கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

காரின் மேல் பளபளப்பது எது?

நாம் பார்க்கும் பளபளப்பு பெயின்ட்டில் இருந்து நேரடியாக வருவது இல்லை. தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பெயின்ட், அதற்கும் மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமில்லாத கவசம். இன்றைய பெரும்பாலான கார்களில் இப்படித்தான் அடுக்குகள் இருக்கும்.

இந்தக் கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். 1 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெராக்ஸ் எடுக்கிற பேப்பரே சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதில் பாதிகூட இல்லாத ஒரு படலம்தான் வெயில், மழை, தூசி எல்லாவற்றையும் தாங்குகிறது.

கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு சரி பண்ணிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிஷ் என்பது கீறல் விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி சமப்படுத்துவதுதான். ஒவ்வொரு முறையும் கவசம் கொஞ்சம் தேயும். தேய்ந்தது திரும்ப வராது. அதனால்தான் காரை எதைக் கொண்டு கழுவுகிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

கழுவுறதும் பூசுறதும் ஒரே பாட்டிலில் எப்படி?

கேட்டவுடனே ஒரு சந்தேகம் வரும். சோப்பின் வேலை எண்ணெய்ப் பசையைக் கழற்றுவது. மெழுகும் ஒரு பசைதானே? கழற்றுவதும் ஒட்டுவதும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்?

இதற்கு ஷாம்பூ தயாரிப்பாளர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதலாவது, மெழுகை மிக நுண்ணிய துளிகளாக்கி, பாலில் கொழுப்பு மிதப்பதுபோல ஷாம்பூவில் மிதக்க விடுவது. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனை மரத்தின் இலையில் இருந்து எடுக்கப்படும் ‘கார்னாபா’ மெழுகு இதில் பெயர் பெற்றது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும் கெட்டியான மெழுகு அது.

இரண்டாவது, சிலிகோன் அல்லது பாலிமர் வகைப் பொருட்கள். இவற்றில் சிலவற்றுக்கு நேர் மின்னூட்டம் இருக்கும். பெயின்ட்டின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. காந்தம் இழுப்பதுபோல இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தலைக்குப் போடும் கண்டிஷனர் அலசிய பிறகும் முடியில் தங்குவது இதே முறையில்தான்.

எப்படி இருந்தாலும், அலசும்போது பெரும் பகுதி தண்ணீரோடு போய்விடும். ஒட்டி நிற்பது மிக மிக மெல்லிய படலம் மட்டுமே.

எத்தனை நாள் தாங்கும்?

கையால் தேய்த்துப் பூசும் கார்னாபா வாக்ஸ் சாதாரணமாக ஓரிரு மாதங்கள் நிற்கும். செயற்கை சீலன்ட் வகைகள் அதைவிடக் கூடுதலாக, சில மாதங்கள் வரை தாங்கும். வாஷ் அண்ட் வாக்ஸ் ஷாம்பூ விடும் படலத்தை வாரக் கணக்கில்தான் எண்ண வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு கழுவலிலேயே அது போய்விடலாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் கார் என்றால் இன்னும் சீக்கிரம்.

அப்போ இதன் பயன் என்ன? ஏற்கனவே வாக்ஸ் போட்ட காரில் அந்தப் பூச்சின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும். கழுவும்போது வழுவழுப்பு தரும். துணி சறுக்கிக்கொண்டு போவதால் தேய்மானம் குறையும். கழுவி முடித்ததும் ஒரு மினுமினுப்பு தெரியும். ஏற்கனவே விழுந்த கீறலை மட்டும் இது மறைக்காது.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு போதாதா?

பல வீடுகளில் நடப்பது இதுதான். பாத்திர சோப்புக் கட்டிகளில் கரி, பிசுக்கைத் தேய்த்து எடுப்பதற்காகவே கனிமத் தூள் சேர்க்கப்படுகிறது. எவர்சில்வர் தட்டில் பிரச்னை இல்லை. கிளியர் கோட்டில் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை அதிகம் உள்ளது. பாத்திரம் கழுவும் லிக்விட் கீறாது என்றாலும், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல காரின் வாக்ஸையும் பலவீனமாக்கிவிடும். அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத நடுநிலை கார் ஷாம்பூதான் பாதுகாப்பு.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

லேபிளை நம்புவதா வேண்டாமா என்ற குழப்பம் தேவையில்லை. உங்கள் காரின் பானட்டே பரிசோதனைக் கூடம். நான்கு வாரத்தில் பதில் தெரிந்துவிடும்.

1. முதலில் பானட்டில் வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் ஏற்கனவே முத்து முத்தாக நின்றால் பழைய வாக்ஸ் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் புது ஷாம்பூவின் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தண்ணீர் பரவி நிற்கும் காரில்தான் சோதனை சரியாக வரும்.

2. பானட்டின் நடுவே, கண்ணாடியில் இருந்து முன்பக்கம் வரை, பெயின்டர்கள் பயன்படுத்தும் பேப்பர் டேப்பை ஒட்டுங்கள். ஒரு பக்கத் தண்ணீர் மறுபக்கம் போகாமல் தனித்தனியாக வழியும்.

3. இடது பக்கம் வாக்ஸ் இல்லாத சாதாரண கார் ஷாம்பூ. வலது பக்கம் வாஷ் அண்ட் வாக்ஸ். இரண்டுக்கும் தனித்தனி பக்கெட், தனித்தனி துணி. அளவு லேபிளில் உள்ளபடிதான். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் வாக்ஸ் வராது, திட்டுத் திட்டாகப் படியும்.

4. நன்றாக அலசுங்கள். ஷாம்பூ மிச்சம் இருந்தால் தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவும், சோதனை தப்பாகிவிடும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, டேப்பை உரித்துவிடுங்கள்.

5. அடுத்த நாள் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து இரண்டு பக்கமும் தெளித்து, போனில் ஒரு படம். அதே இடம், அதே நேரம், அதே கோணத்தில் 7, 14, 28-ஆம் நாட்களிலும் படம் எடுங்கள். இடையில் கழுவ வேண்டி வந்தால் இரண்டு பக்கத்தையும் சாதாரண ஷாம்பூவிலேயே கழுவுங்கள்.

ரிசல்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் நாளே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், அந்த ஷாம்பூ உங்கள் காரில், உங்கள் தண்ணீரில் எதையும் விட்டுச் செல்லவில்லை. முதல் நாள் வித்தியாசம் தெரிந்து 7-ஆம் நாள் மறைந்தால், அதுதான் சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டியது. 14-ஆம் நாளும் வலது பக்கம் முத்து நின்றால் கொடுத்த காசுக்கு நல்ல பொருள்.

ஒரு எச்சரிக்கை. தூசிப் படலம் ஏறினாலும் முத்து நிற்காது. அதனால் ‘வாக்ஸ் போயிடுச்சு’ என்று முடிவு கட்டும் முன், சாதாரண ஷாம்பூவில் இரண்டு பக்கமும் ஒருமுறை கழுவி மறுபடி தெளித்துப் பாருங்கள். அதேபோல, முத்து நிற்பதை வைத்து மட்டும் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. பறவை எச்சத்தில் இருக்கும் அமிலம் வெயில் சூட்டில் கிளியர் கோட்டையே அரித்துவிடும். இந்த மெல்லிய படலம் அதைத் தடுக்காது. எச்சத்தைப் பார்த்த உடனே ஈரத் துணியால் ஊறவைத்து எடுப்பதுதான் வழி.

ஷாம்பூவைவிட முக்கியமான விஷயம்

கார்களில் வெயில் படும்போது தெரியும் சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்களைக் கவனித்திருப்பீர்கள். இதற்கு முக்கியக் காரணம் கழுவும், துடைக்கும் முறைதான். அபார்ட்மென்ட்களில் காலையில் கார் துடைப்பவர் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியில் பல கார்களை முடிக்க வேண்டிய நிலை இருக்கிறது. முதல் காரின் மண், நான்காவது காரின் பானட்டில் தேய்கிறது. இது அவர் தவறு இல்லை. அந்தச் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் அதுதான் முடியும். உங்கள் காருக்கென தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, தினமும் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னாலே பாதிக் கீறல் குறையும்.

நீங்களே கழுவினால் இந்த வரிசையைப் பின்பற்றலாம்:

- வெயிலில் வேண்டாம். பானட் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும்.
- முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்குங்கள். காய்ந்த மண்ணின் மேல் துணி வைக்கவே கூடாது.
- இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர்.
- மேலிருந்து கீழே. டயருக்கும் வீலுக்கும் வேறு துணி.
- துணி தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

போர் தண்ணீரில் வாக்ஸ் ஷாம்பூ உதவுமா?

சென்னை உள்ளிட்ட பல ஊர்களில் காரைக் கழுவுவது போர் தண்ணீரில்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதி. பல போர்களின் தண்ணீர் இதையும் தாண்டும்.

அந்தத் தண்ணீர் காய்ந்தால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளை வட்டங்களாகப் படியும். இங்கேதான் ஒரு வேடிக்கை. வாக்ஸ் இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். முத்தாக நின்று அப்படியே காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டம். அதாவது உப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் விட்டால், வாக்ஸ் ஷாம்பூ கறையை இன்னும் பளிச்சென்று காட்டும். அலசி முடித்த உடனே துடைத்துவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது.

யாருக்கு இது வேண்டாம்?

மேட் ஃபினிஷ் கார்: பளபளப்பு இல்லாததுதான் அதன் அழகு. வாக்ஸ் பட்டால் திட்டுத் திட்டாக மினுங்கும்.

செராமிக் கோட்டிங் போட்ட கார்: கோட்டிங்கின் மேல் மெழுகு படிந்தால், காசு கொடுத்து வாங்கிய கோட்டிங்கின் குணம் மறைந்துவிடும். வாக்ஸ் இல்லாத நடுநிலை ஷாம்பூ போதும்.

முன் கண்ணாடி: படலம் படிந்தால் மழையில் வைப்பர் இழுக்கும்போது பிசிறடிக்கும், இரவில் எதிரே வரும் வெளிச்சம் சிதறித் தெரியும். கண்ணாடியைத் தனியாகத் துடைத்துவிடுங்கள்.

பைக், ஸ்கூட்டர்: டேங்கிலும் பாடியிலும் போடலாம். சீட், ஃபுட்ரெஸ்ட், டயர், பிரேக் டிஸ்க் பக்கம் கொண்டு போகவே கூடாது. வழுக்கும், பிரேக் பிடிக்காது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தண்ணீர் கணக்கு

நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஹோஸை 20 நிமிடம் திறந்து வைத்தால் 200 லிட்டர் போய்விடும். அதே வேலையை நான்கைந்து பக்கெட்டில் முடிக்கலாம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தார்கள். கோடையில் எந்த ஊருக்கும் அந்த நிலை வரலாம்.

அப்போ வாங்கலாமா?

வருஷத்துக்கு சில முறை தனியாக வாக்ஸ் போடுகிறவர்களுக்கு, இடைப்பட்ட வாரங்களில் வாஷ் அண்ட் வாக்ஸ் நல்ல துணை. வாக்ஸ் போடவே நேரமில்லாதவர்களுக்கும், ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை. வாங்கும்போது பாட்டில் விலையைப் பார்க்காமல் ஒரு கழுவலுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். ஒருமுறைக்கு 50 மில்லி தேவைப்பட்டால் 1 லிட்டர் பாட்டில் 20 கழுவலுக்கு வரும். 25 மில்லி போதும் என்றால் 40 கழுவல்.

கையில் இருக்கும் பட்ஜெட் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வாக்ஸ் ஷாம்பூவை விட்டுவிட்டு சாதாரண கார் ஷாம்பூவும் நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்குங்கள். தேய்ந்துபோன வாக்ஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம். தேய்ந்துபோன கிளியர் கோட்டை அப்படிச் செய்ய முடியாது.